காவல் தளர்ந்தால்...

பீச்சிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில், குரோம்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷனுக்கு 'தாம்பரம் சானடோரியம்' என்று பெயர். ஏன் தெரியுமா? 1928-ல் டாக்டர் சௌரி முத்து என்பவர் காசநோயாளிகளுக்காக இங்கே ஒரு சானடோரியம் ஆரம்பித்தார். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. நல்ல காற்று, சத்தான சாப்பாடு, ஓய்வு... இவைதான் சிகிச்சை. அதாவது, உடம்பின் எதிர்ப்பு சக்தியை மட்டும் நம்பிய வைத்தியம்!

அந்த சக்தி எப்படி வேலை செய்கிறது?

நோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் கிருமி, நம் நுரையீரலுக்குள் நுழைகிறது. அங்கே காவலுக்கு இருக்கும் அணுக்கள் அதை அப்படியே விழுங்கிவிடும். ஆனால் காசநோய்க் கிருமி லேசில் சாகாது. விழுங்கிய அணுவுக்குள்ளேயே உயிரோடு இருக்கும். உடனே 'டி' அணுக்கள் என்ற வெள்ளணுக்கள் உதவிக்கு வர, எல்லாம் சேர்ந்து கிருமியைச் சுற்றி வேலி போட்டுவிடுகின்றன. அதனால்தான் கிருமி புகுந்த 100 பேரில் சுமார் 90 பேருக்கு நோய் வருவதே இல்லை.

ஆனால் வேலிக்குள் கிருமி தூங்கிக்கொண்டிருக்கலாம். சர்க்கரை நோய், குடி, புகை, அரைவயிற்றுச் சாப்பாடு... இவற்றால் காவல் தளர்ந்தால் விழித்துக்கொள்ளும். எச்.ஐ.வி. கிருமியோ அந்த 'டி' அணுக்களையே அழிக்கிறது. 1990-களில் இதே ஆஸ்பத்திரிக்கு வந்த எச்.ஐ.வி. நோயாளிகளில் பலருக்குக் காசநோயும் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

பெருங்களத்தூரிலிருந்து ஒருவர் என்னிடம் வந்தார். காசநோய் மாத்திரையை இரண்டே மாதத்தில் நிறுத்திவிட்டார். "இருமல் நின்னுடுச்சு டாக்டர். அந்த மாத்திரை ரொம்பச் சூடு. எதிர்ப்பு சக்திக்கு ஒரு லேகியம் குடுங்க, போதும்" என்றார்.

நான் தரவில்லை. சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்: வேலி உடைந்த பிறகு லேகியம் மட்டும் கிருமியைக் கொல்லாது. பாதியில் நிறுத்தினால், மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கே அடங்காததாக மாறக்கூடும். அன்றைக்கே அவரை ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்பினேன்.

நீங்களும் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவு... இவற்றில் எது இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். டாக்டர் சொன்ன காலம் முழுவதும் சாப்பிடுங்கள். சாதாரணமாக 6 மாதம். கூடவே முட்டை, பயறு, கீரை சேருங்கள். கஷாயம், சூரணம் எது எடுத்தாலும் அந்த டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

காவல்காரனுக்குச் சோறு போடுவது நம் கடமை. திருடன் உள்ளே வந்துவிட்டால், போலீஸையும் கூப்பிடத்தானே வேண்டும்?