கார் என்னிடம், ஆப் விற்றவரிடம்

கேள்வி: கல்முனையில் ஒருவரிடம் பாவித்த ஜப்பான் கார் ஒன்று வாங்கினேன். கொஞ்சக் காசு இன்னும் கொடுக்க இருக்கிறது. அவர் முன்பே பூட்டிய ஜீபிஎஸ் கருவி ஒன்று அதில் உண்டு. போனில் உள்ள ஆப் மூலம் கதவைத் திறக்கலாம், என்ஜினை ஸ்டார்ட் பண்ணலாம், நிறுத்தலாம். இரண்டு திறப்பையும் தந்தார். ஆப் பற்றி இருவரும் பேசவில்லை. போன வாரம் காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. கோல் எடுத்தால், "மிச்சக் காசத் தாங்க காக்கா, அடுத்த நிமிஷமே ஸ்டார்ட் ஆகும்" என்கிறார். இது குற்றமா? வாகனம் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது.
— வாசகர், பாலமுனை

பதில்: குற்றமாக இடமுண்டு. ஆனால் வாசகரின் கடைசி வரி அவருடைய கையைப் பலவீனமாக்குகிறது.

2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் என்றதும் வங்கிக் கணக்கும் பேஸ்புக்கும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். சட்டமோ, தகவலைக் கையாளும் ஆற்றல் கொண்ட மின்னணுச் சாதனம் எதையும் கணினி என்றே கொள்கிறது. டாஷ்போர்டுக்கு அடியில் சிம் போட்டுப் பொருத்திய அந்தச் சின்னப் பெட்டி இந்தச் சொற்களுக்குள் வந்துவிடும். தனக்கு அதிகாரம் இல்லை என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, வேண்டுமென்றே ஒரு கணினியை அணுக எதையாவது செய்தால் 3ஆம் பிரிவின்படி குற்றம். எதையும் திருடியிருக்க வேண்டியதில்லை. கணினியை இயக்கிவிட்டாலே போதும் என்று அந்தப் பிரிவின் விளக்கம் சொல்கிறது. 1 இலட்சம் ரூபாய் வரை தண்டப்பணம், 5 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். வேறொரு குற்றம் செய்யும் நோக்கத்தோடு அணுகினால் 4ஆம் பிரிவு. அங்கே தண்டப்பணத்தின் உச்சம் 2 இலட்சம்.

வழக்கு வந்தால் எல்லாம் "அதிகாரம்" என்ற ஒரே இடத்தில் வந்து நிற்கும். ஆப் என் கணக்கில் இருக்கிறது, நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, வாகனமும் என் பெயரில்தான் என்று விற்றவர் வாதிடுவார். வாசகர் உடனே அடைக்க வேண்டிய ஓட்டை இதுதான்.

திறப்பைக் கொடுத்தால் காரையே கொடுத்துவிட்டதாக நினைப்பது எங்கும் நடப்பது. ஐபிஎம் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர் சார்லஸ் ஹெண்டர்சன் 2017 பெப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஆர்எஸ்ஏ என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் தனக்கு நேர்ந்ததைச் சொன்னார். பழைய காரில் இருந்த தன் விபரங்களை எல்லாம் அழித்துத்தான் அதை டீலரிடம் கொடுத்திருந்தார். வருடங்கள் கழித்தும் அந்தக் கார் அவருடைய போனில் இருந்தது; எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம், கதவையும் திறக்கலாம். அழிந்தது காருக்குள் இருந்த விபரம் மட்டும். கம்பனியின் சேர்வரில் அவருடைய கணக்கு அப்படியே இருந்தது. 2019இல் அமெரிக்காவில் ஃபோர்ட் வாகனம் ஒன்றை வாடகைக்கு எடுத்த ஒருவர், திருப்பிக் கொடுத்து ஐந்து மாதமான பின்னும் அதைத் தன் போனில் ஸ்டார்ட் பண்ண முடிவதைக் கண்டார்.

நம் வீதிகளில் ஓடும் நிசான் லீஃபுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. வாகன அடையாள இலக்கம் தெரிந்த எவரும் அடுத்தவர் காரின் ஏசியைப் போடலாம், அவர் போய்வந்த பயண விபரத்தைப் பார்க்கலாம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர் டிராய் ஹண்ட் 2016இல் காட்டினார். நிசான் அந்தக் காருக்கான ஆப்பையே நிறுத்திவைத்தது. 2024இல் கியா கார்களில், இலக்கத் தகட்டை மட்டும் வைத்துக் கதவைத் திறக்கவும் என்ஜினை இயக்கவும் வழிவிட்ட குறை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டது.

மிச்சக் காசு வேறு விடயம். அதைக் கேட்பது விற்றவரின் உரிமை, கொடுப்பது வாசகரின் கடமை. ஆனால் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, விலை முழுதும் கிடைக்காதவர் பொருளைப் பிடித்துவைக்கலாம் என்பது அது அவர் கையில் இருக்கும்வரைதான். திறப்பைக் கொடுத்து கார் பாலமுனைக்கு வந்துசேர்ந்த பிறகு, விலையைக் கேட்டு வழக்குப் போடும் வழிதான் அவருக்கு உண்டு. வாங்கியவர் பொருளை இடையூறின்றி அனுபவிக்கலாம் என்ற உத்தரவாதத்தையும் அதே சட்டம் விற்பனைக்குள் வைத்திருக்கிறது. காசு முழுதும் தந்த பிறகே உரிமை மாறும் என்று எழுதி ஒப்பமிட்டிருந்தால் நிலைமை வேறு. லீசிங் வாகனத்தில் கம்பனி பூட்டும் கருவியும் ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பொறுத்தது.

இதில் இன்னுமொரு ஆபத்து இருக்கிறது. இன்று வீட்டு வாசலில் நின்ற கார் ஸ்டார்ட் ஆகவில்லை. நாளை அக்கரைப்பற்று–கல்முனை வீதியில், பின்னால் லொறி வர, ஓடும்போதே அந்தப் பொத்தானை அழுத்தினால்? என்ஜின் நின்றால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் இறுகும். அப்போது பேச்சு கடனைப் பற்றி இருக்காது. பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்ததற்குத் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் விற்றவர் பதில் சொல்ல வேண்டிவரும். குடும்பத்தோடு போகும் ஒரு வாகனத்தின் என்ஜின் விற்றவரின் விரலில் இருப்பதை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது.

பெயரை மாற்றாமல் ஓபன் பேப்பரில் வாகனம் கைமாறுவது இந்தக் கரையோரத்தில் வழமையாகிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் விற்றவர், வாங்கியவர் இருவருமே 14 நாட்களுக்குள் மாற்றத்தை அறிவிக்கக் கேட்கிறது. கடனை எழுதிவைக்கச் சொல்லும் சூரா அல்பகராவின் 282ஆம் வசனத்தைத் தெரியாதவர் நம் ஊர்களில் குறைவு. இருந்தும் இலட்சக்கணக்கில் கைமாறும்போது வாய்ப்பேச்சோடு விட்டுவிடுகிறோம்.

வாசகர் முதலில் அந்தப் பெட்டியைக் கழற்றாமல், பூட்டியிருக்கும் நிலையிலேயே படம் எடுக்கட்டும். விற்றவரின் வட்ஸ்அப் செய்திகள், கோல் பதிவுகள் எதையும் அழிக்க வேண்டாம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் இவற்றைச் சான்றாக முன்வைக்க வழி தருகிறது. அடுத்து ஒரு சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் கடிதம்: கருவியை இயக்க இனி அனுமதி இல்லை, கணக்கை ஒப்படைக்க வேண்டும், மிச்சக் காசு இன்ன திகதியில் தரப்படும். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு "தெரியாது" என்று அவர் சொல்ல முடியாது. அதன் பிறகும் கை வைத்தால் அக்கரைப்பற்றுப் பொலிஸில் முறைப்பாடு செய்து, கணினிக் குற்றங்கள் சட்டத்தின் பெயரை முறைப்பாட்டிலேயே பதியச் சொல்ல வேண்டும்.

கருவியைத் தொடர்ந்து வைத்திருக்க விரும்பினால் புதிய கணக்கும் தன் பெயரில் பதிந்த சிம்மும் தேவை. தேவையில்லை என்றால் வயர் தெரிந்த பாஸ் ஒருவர் படம் எடுத்த பின் கழற்றலாம். அப்படி ஒரு கருவி இருப்பதைக் காப்புறுதிக் கம்பனிக்கும் எழுத்தில் அறிவிப்பது நல்லது, கதவு உடையாமல் கார் காணாமல்போனால் அவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். மிச்சக் காசைக் கையில் கொடுக்க வேண்டாம். வங்கி வழியாகப் போட்டு, சிட்டையை வைத்துக்கொண்டு, அன்றைக்கே உரிமை மாற்றப் படிவத்தில் விற்றவரின் ஒப்பத்தையும் வாங்கி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் ஒப்படைத்துவிடட்டும்.