பெரிய வீல், மெலிந்த டயர்

கேள்வி: என் தார் ஜீப்பில் இருப்பது 255/65 ஆர்18 டயர். 20 அங்குல அலாய் வீல் மாட்டலாமா?
- வாசகர், ரமணாசிரமம் பகுதி, திருவண்ணாமலை

பதில்: மாட்ட முடியும், வேண்டாம் என்பேன். 255 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம், 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. அந்தக் கணக்கில் மொத்த விட்டம் சுமார் 789 மி.மீ. அதற்குப் பதில் 285/50 ஆர்20 போட்டால் 793. ஸ்பீடோமீட்டர் ஏறக்குறைய சரியாகவே காட்டும். கடைக்காரர் இதைத்தான் சொல்வார், பொய்யில்லை. ஆனால் பக்கச்சுவர் 166 மி.மீட்டரிலிருந்து 143 ஆகச் சுருங்குகிறது. செங்கம் சாலையின் வேகத்தடையிலும் பள்ளத்திலும் விழும் அடியை முதலில் வாங்குவது அந்த ரப்பர்தான். அது குறைந்தால் மிச்சம் ரிம்முக்கும் சஸ்பென்ஷனுக்கும் போகும்.

அகல டயர் பிடிமானம் தருமே என்பீர்கள். உலர்ந்த சாலையில் ஓரளவு உண்மை. ஐப்பசி மழையில் தேங்கிய நீர்மேல் சீக்கிரம் மிதப்பதும் அதே அகல டயர்தான். (பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் எந்த டயரும் நடைவேகம்தான்!) தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தோற்றம்தான் ஆசையென்றால், 18 அங்குலத்திலேயே வேறு வடிவ அலாய் வாங்குங்கள். அதன் சுமை தாங்கும் அளவு பழையதைவிடக் குறையக் கூடாது.