செடான் கார்களை கம்பெனிகளே கைவிடுது... நம்ம முதல் கார் என்னவா இருக்கணும்? ஒரு சி.ஏ. போடும் கணக்கு



போன வருஷம் செப்டம்பர்ல ஒரு தம்பி ஆபீஸுக்கு வந்தார். அவிநாசிபாளையத்துக்காரர், திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர். கையில ஒரு கார் கொட்டேஷன். "அண்ணா, முதல்ல ஒரு செடான்தானுங்க பார்த்தேன். ஷோரூம்ல 'அது வர்றதே நின்னுபோச்சு, இனி எல்லாம் எஸ்.யு.வி.தான், செடான் வாங்கினா நாளைக்கு விக்க முடியாது'ன்னு சொல்லிட்டாங்க. 18,500 தான் இ.எம்.ஐ., ஏழு வருஷம். போட்டுடலாமுங்களா?"

இந்தக் கேள்வி உங்களில் பல பேருக்கு இருக்கும். அதனால அவருக்குப் போட்ட கணக்கையே இங்கே எழுதுகிறேன். சொன்ன எண்களை நீங்களும் ஒரு பேப்பர்ல போட்டுக்கிட்டே படிங்க.

1. செடான் உண்மையிலேயே போயிருச்சா?

பாதி உண்மை. கொரோலா ஆல்டிஸ், ஹோண்டா சிவிக், நிசான் சன்னி எல்லாம் 2020-ல் இந்தியாவில் நின்றன. டொயோட்டா யாரிஸ் 2021-ல், ஹூண்டாய் எலான்ட்ரா 2022-ல். 2014-ல் வந்த மாருதி சியாஸ் 2025-ல் விடைபெற்றது. இன்று அந்த நடுத்தர செடான் வரிசையில் சிட்டி, வெர்னா, விர்டஸ், ஸ்லாவியா என்று விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் மிச்சம்.

ஆனால் டிசையர், ஆரா, அமேஸ் மாதிரி நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்ன செடான்கள் போகவில்லை. டிசையர் இன்றும் நாட்டில் அதிகம் விற்கும் கார்களில் ஒன்று. அதாவது, செடான் என்ற உருவம் சாகவில்லை. 10 லட்சத்துக்கு மேல் விலை உள்ள செடானுக்குத்தான் இடம் சுருங்கியிருக்கிறது.

2. கம்பெனிகள் ஏன் கைவிட்டன?

இதை ஒரு அக்கவுண்டன்ட் கண்ணால் பாருங்கள்.

ஒரு புது மாடலை உருவாக்க டிசைன், டை, டெஸ்டிங் என்று பெரிய முதலீடு போகும். அதே அடித்தளத்தின் மேல் உயரத்தைக் கூட்டி, வீல் ஆர்ச்சில் கறுப்பு பிளாஸ்டிக் வைத்து, வேறு பெயரில் விற்றால், செலவு கொஞ்சம்தான் கூடும். விலையை அதைவிட அதிகமாகக் கூட்டலாம். பலேனோவின் அடித்தளத்தில் வந்த ஃப்ராங்ஸ் நல்ல உதாரணம். நம்ம தொழில்ல சொன்னா, அதே நூல், அதே நிட்டிங், மேல ஒரு பிரிண்ட் போட்டு வேற ரேட்டுக்கு அனுப்புற மாதிரி.

அமெரிக்காவில் ஃபோர்டு 2018 ஏப்ரலில் இதை வெளிப்படையாகவே அறிவித்தது. மஸ்டாங்கைத் தவிர ஃபியூஷன், டாரஸ், ஃபியஸ்டா போன்ற கார்களை அங்கே படிப்படியாக நிறுத்திவிட்டு, டிரக், எஸ்.யு.வி. பக்கம் பணத்தைத் திருப்பப் போகிறோம் என்றது. நம்ம ஊரிலும் அதே திசைதான். சன்னி தயாரான ஒரகடம் தொழிற்சாலையில் 2020 கடைசியில் இருந்து மேக்னைட் வருகிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹூண்டாயில் 2015-ல் வந்த கிரெட்டாதான் இன்று முகம். 2025 ஜனவரியில் அதன் மின்சார வடிவமும் வந்துவிட்டது. தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் மின்சார கார் ஆலையையே திறந்தது.

ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தியாவில் சின்ன எஸ்.யு.வி. சந்தையை வளர்த்ததில் ஃபோர்டின் எக்கோஸ்போர்ட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 2013-ல் மறைமலை நகரில் இருந்து வந்த கார் அது. அப்படியும் பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி, 2021 செப்டம்பரில் ஃபோர்டு இங்கே தயாரிப்பை நிறுத்தும் முடிவை அறிவித்தது. எக்கோஸ்போர்ட் வாங்கியவர்களும் அன்றைக்கு ரீசேல் விலையை நினைத்துத் தூக்கம் கெட்டவர்கள்தான்.

அதனால் "எஸ்.யு.வி. வாங்கினா சேஃப், செடான் வாங்கினா நஷ்டம்" என்பது கணக்கு இல்லை, அது விற்பனைப் பேச்சு. கம்பெனி செடானை நிறுத்துவது அதன் லாபத்துக்காக. உங்க லாபம் எது என்று நீங்கதான் பார்க்கணும்.

3. 10 லட்சம் என்ற கோடு

இங்கேதான் பல பேர் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22-ல் இருந்து, நான்கு மீட்டருக்கு உட்பட்டு, பெட்ரோலில் 1200 சிசி, டீசலில் 1500 சிசி வரை உள்ள கார்களுக்கு 18%. அதைத் தாண்டினால் 40%. மின்சார கார்களுக்கு 5%. செடானா எஸ்.யு.வி.யா என்று இந்த வரி பார்ப்பதில்லை. நீளத்தையும் எஞ்சினையும்தான் பார்க்கிறது.

அடுத்தது தமிழ்நாட்டின் ஆயுள் வரி. 2023 நவம்பரில் மாறிய விகிதப்படி 5 முதல் 10 லட்சம் வரை விலை உள்ள காருக்கு 13%. 10 லட்சத்தைத் தாண்டினால் 18%. தாண்டிய தொகைக்கு மட்டும் இல்லை, முழு விலைக்கும்.

9,90,000 ரூபாய் காருக்கு ஆயுள் வரி 1,28,700.
10,10,000 ரூபாய் காருக்கு 1,81,800.

விலை வித்தியாசம் 20,000 தான். வரி வித்தியாசம் 53,100! "இன்னும் இருபதாயிரம் போட்டா சன்ரூஃப் வருதே சார்" என்று சேல்ஸ்மேன் சொல்லும்போது இந்தக் கணக்கு ஞாபகம் வரணும்.

10 லட்சத்தைத் தாண்டினால் 1% டி.சி.எஸ். பிடிப்பார்கள். அது செலவு இல்லை, உங்க பேர்ல கட்டிய வரி. ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது ஆபீஸில் முன்கூட்டியே சொன்னால் சம்பள டி.டி.எஸ்.ஸில் சரிசெய்வார்கள். பல பேர் இதை மறந்தே போகிறார்கள்.

4. முதலாளி கணக்கு வேற, உங்க கணக்கு வேற

"எங்க முதலாளி பெரிய எஸ்.யு.வி. எடுத்திருக்கார், அவருக்குக் கணக்கு தெரியாதா?" என்று தம்பி கேட்டார். தெரியும். அவர் கம்பெனி பேரில் எடுத்திருப்பார். வருஷா வருஷம் 15% தேய்மானம், கடன் வட்டி, டீசல், இன்சூரன்ஸ் எல்லாம் தொழில் செலவில் போகும். மாச சம்பளம் வாங்குற நமக்கு இதில் ஒன்றும் கிடையாது. சொந்தக் காருக்கு நாம கட்டுறது எல்லாம் வரி போக மிச்சம் இருக்கிற காசு.

மின்சார கார் கடன் வட்டிக்கு வருஷம் 1.5 லட்சம் வரை கழிவு என்று இன்னும் சில பேர் சொல்வார்கள். அது 80ஈ.ஈ.பி. பிரிவு. 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை சாங்ஷன் ஆன கடனுக்கு மட்டும்தான். புதுசா வாங்குறவங்களுக்கு இல்லை.

5. தம்பியின் கொட்டேஷன்

எக்ஸ் ஷோரூம் விலை 11 லட்சம், ஆன்ரோடு சுமார் 13.5 லட்சம். கையில் இருந்தது 2 லட்சம், கடன் 11.5 லட்சம், வட்டி 9%.

ஏழு வருஷம்: மாதம் 18,502. மொத்த வட்டி 4.04 லட்சம்.
ஐந்து வருஷம்: மாதம் 23,872. மொத்த வட்டி 2.82 லட்சம்.

ஏழு வருஷக் கடன் இ.எம்.ஐ.யைச் சின்னதாகக் காட்டும்; அதற்கான கட்டணம் 1.22 லட்சம். இதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று உண்டு. மூன்று வருஷம் ஒழுங்காகக் கட்டி முடித்த பிறகும் பாக்கி 7.43 லட்சம் இருக்கும். இன்சூரன்ஸில் காரின் மதிப்பை, அதாவது ஐ.டி.வி.யை, மூன்று வருஷம் தாண்டினால் 40% தேய்மானம் கழித்துப் போடுவார்கள். 11 லட்சத்தில் அது 6.6 லட்சம். அந்த நேரத்தில் கார் திருடு போனால், இன்சூரன்ஸ் பணம் முழுசா வந்தாலும் பேங்குக்கு நீங்க கையில் இருந்து 80,000-க்கு மேல் கட்டணும். கார் இருக்காது, கடன் இருக்கும்.

அவர் சம்பளம் கைக்கு 58,000. அதில் 10,000 இன்சென்டிவ். நிலையான சம்பளம் 48,000 தான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம்ம பொருட்களுக்கு 50% வரி போட்ட நேரம் அது. அவர் கம்பெனியின் ஆர்டரில் பெரும்பகுதி அந்தப் பக்கம். அந்த மாசமே இன்சென்டிவ் பாதியாகிவிட்டது. ஏழு வருஷக் கடமையை, அடுத்த சீசன் ஆர்டரை நம்பி எப்படி எடுப்பது?

என் விதி இதுதான்: இன்சென்டிவ், ஓ.டி. இல்லாத சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் கார் இ.எம்.ஐ. போகக் கூடாது. கடன் ஐந்து வருஷத்தைத் தாண்டக் கூடாது. அவருக்கு அது 12,000.

6. நான் சொன்னதும், நடந்ததும்

நான் சொன்ன வழி, நின்றுபோன மாடல் செடான் ஒன்றை செகண்ட்ஸில் எடுப்பது. "இனி விற்க முடியாது" என்று எல்லோரும் பயப்படுவதால்தான் அது மலிவாகக் கிடைக்கும். 6 லட்சத்துக்கு எடுத்து, 4 லட்சத்தை 13% வட்டியில் நான்கு வருஷக் கடனாகப் போட்டால் மாதம் 10,731.

ஸ்பேர் கிடைக்குமா? இதற்கு ஒரு சோதனை: அதே எஞ்சின், கியர்பாக்ஸ் வேறு எந்தக் காரில் ஓடுகிறது என்று பாருங்கள். சியாஸின் 1.5 பெட்ரோல் எஞ்சின் எர்டிகாவிலும் வந்தது. எஞ்சின் சாமான்களுக்குக் கவலை குறைவு. அந்த மாடலுக்கு மட்டுமே உரிய பம்பர், ஹெட்லைட், கதவு இவைதான் நாளாக நாளாகச் சிரமம். குறைவாக விற்ற மாடல் என்றால் இரண்டுமே சிரமம்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் தம்பி அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு சியாஸைப் பார்த்திருக்கிறார். அப்பாவுக்கு முட்டி வலி. தாழ்வான சீட்டில் உட்கார்ந்தவர், கதவைப் பிடித்துத்தான் எழுந்தாராம். "காசு மிச்சமாகுதுங்கண்ணா, ஆனா அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகத்தானுங்க கார் வாங்கறதே" என்றார். என் எக்செல் ஷீட்டில் முட்டி வலிக்கு ஒரு காலம் இல்லை. என் யோசனையை நான் அங்கேயே வாபஸ் வாங்கிவிட்டேன்.

அதற்குப் பதிலாக ஒரு ஒத்திகை கேட்டேன். "கார் வாங்கிட்டதா நினைச்சு, அந்த 18,500-ஐ ஆறு மாசம் தனி அக்கவுண்டில் போடு. முடிஞ்சா பெரிய காரையே எடு."

நாலு மாசம் முழுசா போட்டார். அஞ்சாவது மாசம் இன்சென்டிவ் சுத்தமா நின்றது. அந்த மாசமும் அடுத்த மாசமும் 10,000 தான் போட முடிந்தது. நிஜக் கடனாக இருந்திருந்தால் அந்த இரண்டு மாசமும் இ.எம்.ஐ. பவுன்ஸ் ஆகியிருக்கும், சிபில் ஸ்கோர் அடிபட்டிருக்கும். ஒத்திகையில் நடந்ததால் சேர்ந்தது 94,000.

இந்த மார்ச்சில் 7.4 லட்சம் விலையில், சீட் உயரமான ஒரு சின்ன கிராஸ்ஓவர் எடுத்தார். 18% ஜி.எஸ்.டி. பிரிவு, 13% ஆயுள் வரி. ஆன்ரோடு 8.69 லட்சம். கையில் இருந்து 2.94 லட்சம், கடன் 5.75 லட்சம், ஐந்து வருஷம். இ.எம்.ஐ. 11,936. மொத்த வட்டி 1.41 லட்சம்.

7. மின்சார கார்?

அவிநாசிபாளையத்தில் இருந்து திருப்பூர் போய்வர மாதம் 1000 கிலோமீட்டர் என்று வைப்போம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய் என்றால் சுமார் 6,700. மின்சார கார் யூனிட்டுக்கு 6.5 கிலோமீட்டர், யூனிட் 10 ரூபாய் என்றால் சுமார் 1,500. மாதம் 5,000 மிச்சம். சின்ன விஷயம் இல்லை. சொந்த வீடு, சொந்த சார்ஜிங் பாயின்ட், தினசரி ஓட்டம் மூன்றும் இருந்தால் கட்டாயம் கணக்குப் போட்டுப் பாருங்கள். லைன் வீட்டில் வாடகைக்கு இருந்து, காரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பவருக்கு அந்த மிச்சமே வராது.

கையெழுத்துப் போடும் முன்:

1. எக்ஸ் ஷோரூம் விலை 10 லட்சத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?
2. நிலையான சம்பளத்தில் கால் பங்குக்குள் இ.எம்.ஐ. வருகிறதா?
3. மூன்று வருஷம் கழித்துக் கடன் பாக்கி எவ்வளவு, ஐ.டி.வி. எவ்வளவு?
4. ஆறு மாச ஒத்திகை முடித்தாச்சா?
5. வீட்டில் யார் அதிகம் உட்காரப் போகிறார்களோ, அவர்களை உட்காரவைத்துப் பார்த்தாச்சா?

ஐந்தாவது கேள்வி எனக்கு அந்தத் தம்பி சொல்லிக்கொடுத்தது. மற்ற நான்கையும் இன்றைக்கு ராத்திரியே உங்க கொட்டேஷனை எடுத்து வைத்துப் போட்டுப் பாருங்கள். ஒத்திகை அக்கவுண்டை மட்டும் அடுத்த சம்பளத்தில் இருந்து ஆரம்பிச்சா போதும்.