நன்றியும் முறையீடும்

அன்புள்ள கவின்,

“சாமி பாட்டு வேற, ராக் வேற இல்லையா மாமா?” என்று போனில் கேட்டாய். கிடார் பிடிக்கிற எவருக்கும் ஒருநாள் வரவேண்டிய கேள்விதான். பதிலுக்கு ஒரு பாட்டு பிறந்த கதையைச் சொல்கிறேன்.

அயர்லாந்தின் டப்ளின் நகரில் விண்ட்மில் லேன் என்றொரு ஒலிப்பதிவுக் கூடம். 1983இல் வெளிவந்த ‘வார்’ ஆல்பத்தின் கடைசி வேலைகளில் இருந்தது யு2 ராக் குழு. நேரம் தீர்ந்துகொண்டிருந்தது, ஒரு பாட்டு மட்டும் குறைந்தது. பேஸ் கிடார் வாசிக்கும் ஆடம் கிளேட்டன் கிளம்பிப் போய்விட்டார். முன்பு பாதியில் கைவிட்டிருந்த மெட்டு ஒன்றைத் தூசி தட்டினார்கள். பேஸையும் குழுவின் கிடார் கலைஞர் எட்ஜே வாசித்தார். பாடகர் போனோ நாடியது பைபிளை. அதில் சங்கீதம் எனப்படும் ஜெபப் பாடல்களில் நாற்பதாவது கைகொடுத்தது. பாட்டின் பெயரும் ‘40’தான். எழுதப் பத்து நிமிடம், பதிவு செய்யப் பத்து நிமிடம் என்று போனோ பின்னாளில் கணக்குச் சொன்னார்.

அவசரத்தில் தற்செயலாக வாய்த்தது என்று எண்ணிவிடாதே. போனோவின் அப்பா கத்தோலிக்கர், அம்மா புராட்டஸ்டன்ட். அந்த வேற்றுமைக்காக உயிர்ப்பலி நடந்த தீவு அது. பதினான்கு வயதில் அம்மாவைப் பறிகொடுத்தார். பிறகு அவரும் எட்ஜும் டிரம்ஸ் வாசிக்கும் லாரி முல்லனும் ‘ஷாலோம்’ என்ற ஜெபக்குழுவில் சேர்ந்தார்கள். 1981இல், விசுவாசியாக இருந்துகொண்டு ராக் வாசிக்கலாமா என்ற குழப்பம் முற்றி, எட்ஜ் குழுவை விட்டே விலகப் பார்த்தார். உன் கேள்விதான் அவரையும் படுத்தியது. கடைசியில், இரண்டையும் விடாமல் தங்கிவிட்டார்.

இனி பாட்டுக்குள் வா. நாற்பதாம் சங்கீதம் நன்றிப் பாட்டாகத் தொடங்குகிறது. சேற்றுக் குழியிலிருந்து தூக்கிவிடப்பட்டவன், கன்மலைமேல் கால் ஊன்றி, புதிய பாட்டொன்றைப் பாடுகிறான். வேறொருவராக இருந்தால் அந்த மகிழ்ச்சியோடு முடித்திருப்பார். போனோவோ பல்லவிக்கு ஆறாம் சங்கீதத்துக்குப் போனார். அது படுக்கையைக் கண்ணீரால் நனைக்கிறவனின் முறையீடு. துன்பம் எப்போது தீரும் என்கிற கேள்வி. மீண்டு வந்தவனின் நன்றியும் இன்னும் மீளாதவனின் அழுகையும் ஒரே மெட்டில் உட்கார்ந்துவிட்டன. பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

பல ஆண்டுகள் கச்சேரிகளை இந்தப் பாட்டோடுதான் முடித்தார்கள். மேடையில் எட்ஜும் ஆடமும் கிடார்களை மாற்றிக்கொள்வார்கள். முதலில் போனோ போவார், பிறகு ஒவ்வொருவராக. கடைசியில் டிரம்ஸும் ஓயும். அப்போதும் கூட்டம் அந்தக் கேள்வியைப் பாடிக்கொண்டே இருக்கும். சர்ச்சுக்குப் போகாதவர்களும் பாடினார்கள். கேள்வி அவர்களுடையதும்தானே!

பக்தியை ராக்கில் பாடலாம், கவின். தீராத கேள்வியை மறைக்காமல் பாடவேண்டும், அவ்வளவுதான். முதலில் இரண்டு சங்கீதங்களையும் படி. அப்புறம் பாட்டைக் கேள். ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடித்து எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா