உண்ணி எப்படி மாட்டைத் தேடி வருகிறது?

கொட்டிலைக் கூட்டி, மாட்டையும் குளிப்பாட்டிய பிறகும் காதிலும் மடியிலும் உண்ணி ஏறிவிடுகிறது. ஹட்டன், நுவரெலியாப் பக்கம் புதிய இடத்தில் வந்து மாடு கட்டியிருக்கும் நமக்கு இது பெரிய தலையிடி.

உண்ணி பறக்காது, குதிக்காது. புல் நுனியில் ஏறி, முன்னங்கால் இரண்டையும் நீட்டிக் காத்திருக்கும். அக்கால்களின் நுனியருகே சிறு குழியொன்று உண்டு. 1881இல் அதை விவரித்த ஹாலர் என்பவர் அது காது என்றே நினைத்தார். உண்மையில் அது மூக்கின் வேலையைச் செய்கிறது. மாட்டின் மூச்சில் வரும் காபனீரொட்சைட்டு, மூத்திரத்தின் அமோனியா, தோலின் மணம், உடற்சூடு எல்லாம் அதற்குத் தெரியும். ஆய்வாளர்கள் உறைந்த காபனீரொட்சைட்டைத் தரையில் வைத்தே உண்ணி பிடிக்கிறார்கள். மாடு இல்லாவிட்டாலும் மூச்சு இருக்கிறதென்று ஏமாந்து வரும்!

எல்லா மணமும் இழுப்பதில்லை. பீகிள் இன நாயின் உடலில் உண்ணியை விரட்டும் மணப்பொருட்கள் இருப்பதைப் பிரேசில் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். நமது பிரீசியன், ஜேர்சி மாடுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நாட்டு மாட்டைவிட இவற்றிலேயே உண்ணி அதிகம் பெருகும்.

மாட்டின் மூச்சை நாம் நிறுத்த முடியாது. உண்ணி காத்திருக்கும் இடத்தைக் குறைக்கலாம். மாடு தினமும் நடக்கும் பாதையோரப் புல்லையும் கொட்டிலைச் சுற்றியுள்ள புல்லையும் கட்டையாக வெட்டுங்கள். இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து 2,000க்கு மேல் முட்டையிடும். குஞ்சுகள் குளிர்ந்த ஈரப்புல்லில் பட்டினியாகவே மாதக்கணக்கில் கிடக்கும். ஆகவே பிடுங்கிய உண்ணியை நிலத்தில் எறியாமல், மண்ணெண்ணெய் ஊற்றிய டின்னில் போடுங்கள். நகத்தால் நசுக்கவும் வேண்டாம். புதிதாக வாங்கிய மாட்டை, காது, வாலடி பார்த்த பின்பே மற்றவற்றோடு கட்டுங்கள். மருந்தடிக்க முன் மிருக வைத்தியரிடம் அளவையும், எத்தனை நாள் பால் விற்கக்கூடாது என்பதையும் கேளுங்கள்.

நம் மூச்சும் அதற்கு ஒன்றுதான். மலையகத்தின் மேற்குச் சரிவுகளில் உண்ணிக் காய்ச்சல் நோயாளரைப் பேராதனை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காய்ச்சலோடு மூட்டுவலியும் சிவந்த தடிப்பும் வந்தால், மாடு வளர்ப்பதையும் புல் வெட்டுவதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சொன்னால்தான் அவர் அந்த வழியில் யோசிப்பார்; நேரத்தோடு கொடுத்தால் கேட்கும் மருந்து உண்டு. பிள்ளையின் காதுக்குள் உண்ணி புகுந்தால் ஊசியால் குடையாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.