மலைமேல் மேகம் நிற்கிறதா?

ஆடி மாசம் எங்க ஊர் மேற்கு மலை உச்சியில் மேகம் நாள் முழுக்க அப்படியே நிற்கும். கொடியில் போட்ட துணியெல்லாம் பறக்கிற காற்றில் அது மட்டும் எப்படி நிற்குது? பாட்டியைக் கேட்டால், "மலை பிடிச்சு வச்சிருக்குடி" என்பாங்க.

ஜப்பானில் மசானவோ அபே என்ற விஞ்ஞானி 1927இல் ஃபியூஜி மலை தெரியும் இடத்தில் ஆய்வுக்கூடம் கட்டி, மேகங்களைச் சினிமா கேமராவில் பிடித்தார். கணக்குப் போட்டுப் பாருங்க தோழிகளே! 5 விநாடிக்கு ஒரு படம் எடுத்தால் 1 மணிக்கு 720 படம். விநாடிக்கு 24 வீதம் ஓட்டினால் 30 விநாடியில் முடிஞ்சிடும். அப்போது மேகம் ஓடுவது கண்ணுக்குத் தெரியும்.

ஈரக்காற்று மலை ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. மறுபக்கம் இறங்கும்போது சூடாகிக் கரைகிறது. இங்கே உண்டாகி அங்கே கரைவதால்தான் நிற்பது போல இருக்கு.

என்னிடம் கேமரா இல்லை. ஞாயிற்றுக்கிழமை 10 நிமிஷத்துக்கு ஒன்றாக, நோட்டு ஓரத்தில் 18 படம் வரைந்தேன். (நடுவில் ஒன்று விட்டுப்போச்சு, தண்ணி எடுக்கப் போயிட்டேன்.) சர்ருனு புரட்டினால், கேரளா பக்கமிருந்து உச்சியைத் தாண்டிய மேகம் நம்ம பக்கம் இறங்க இறங்கக் காணாமல் போகுது. எங்க நிலக்கடலைக்கு வர வேண்டிய மழை.

பாட்டி பேசாமல் பார்த்துட்டு, இன்னொரு தடவை புரட்டச் சொன்னாங்க.