ஆளை நிறுக்காத கணக்கு

கேள்வி: விமான நிலையத்தில் பெட்டியை நிறுக்கிறார்கள், ஆளை நிறுப்பதில்லையே. பிறகு விமானத்தின் எடை எப்படித் தெரியும்?

பதில்: ஆளுக்குச் சராசரியாக இத்தனை கிலோ என்று ஒரு கணக்கு உண்டு. அதோடு பெட்டி, சரக்கு, எரிபொருள் எல்லாம் கூட்டி, 'லோடு ஷீட்' விமானியின் கைக்கு வரும். மொத்த எடை மட்டுமல்ல, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். ஈர்ப்பு மையம் பின்னால் போனால் மூக்கு தானாக எழும்பும். முன்னால் போனால் மூக்கைத் தூக்குவதே பெரும்பாடு. முன்வரிசை காலியாக இருக்கிறதே என்று நகர்பவரைத் தடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். (அந்த இருக்கைக்குக் கூடுதல் காசு என்பது இன்னொன்று!)

சராசரி எப்போதும் கைகொடுக்காது. 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் கிளம்பிய பீச்கிராஃப்ட் 1900 விமானம், காகிதத்தில் வரம்புக்குள்தான் இருந்தது. நிஜத்தில் எடையும் கூடுதல், மையமும் பின்னால். போதாக்குறைக்கு, பராமரிப்பின்போது வால்பகுதிக் கட்டுப்பாட்டைத் தவறாகப் பொருத்தியிருந்தார்கள். எழும்பிய மூக்கை விமானிகளால் தாழ்த்த முடியவில்லை. 21 பேரும் இறந்தார்கள். அதன்பின் அமெரிக்காவில் சராசரி எடையைக் கூட்டினார்கள். மிகச் சிறிய விமானங்களில் இன்றும் ஆளையே தராசில் ஏற்றிவிடுவதுண்டு.